எண்ணெய் மண் – 14: பேக்கர் ஹோட்டலில் நடந்த கிரயம்

டெக்சாஸின் எண்ணெய்ச் சட்டம் உப்பில் பிறந்தது. மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஹிடால்கோ கவுன்டியில் லா சால் டெல் ரே என்றொரு உப்பு ஏரி இருக்கிறது. ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக் காலத்தில் நிலத்தை யாருக்கு வழங்கினாலும் நிலத்தடிப் பொருள் மன்னருக்கே சொந்தம். உப்பும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. மெக்சிகோ அந்த வழக்கத்தைத் தொடர்ந்தது. டெக்சாஸ் தனிக் குடியரசாகி, பிறகு அமெரிக்காவோடு இணைந்த பின்னும் அது மாறவில்லை. உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களை உப்புப் பஞ்சம் வாட்டியபோது ஏரியை மாநில அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. ஏரி தங்களுடையது என்று தனியாரும் வழக்காடினார்கள். போர் முடிந்து, 1866-ல் புதிய அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தவர்கள் இந்தத் தகராறுக்கு முடிவுகட்ட ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதுவரை வழங்கப்பட்ட நிலங்களின் கனிமங்கள் அனைத்தையும் நிலத்துக்காரருக்கே அரசு விட்டுக்கொடுத்தது. 1869 சாசனமும் 1876 சாசனமும் அதை உறுதிசெய்தன.

அவர்கள் மனத்தில் உப்பும் வெள்ளியும் இருந்திருக்கும். எண்ணெய் இருந்திருக்க வழியில்லை. ஆனால் அந்த ஒரு பிரிவுதான் 64 ஆண்டுகள் கழித்துக் கிழக்கு டெக்சாஸின் பருத்தி விவசாயிகளின் வாசலில் தரகர்களை வரிசையாக நிறுத்தியது. உலகின் பெரும்பாலான நாடுகளில் நிலத்தடி எண்ணெய் அரசின் சொத்து. எண்ணெய் நிறுவனம் பேரம் பேச வேண்டியது அமைச்சரிடம். டெக்சாஸில் அது பேரம் பேச வேண்டியது ஏர் பிடிக்கும் ஒரு குடியானவரிடம், அல்லது கணவனை இழந்து தனியாகப் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மூதாட்டியிடம். 1895-க்குப் பிறகு மேற்கு டெக்சாஸில் அரசு விற்ற நிலங்களில் நிலைமை வேறு. அங்கே கனிமத்தை அரசு தன்னிடம் நிறுத்திக்கொண்டது. அதைப் பின்னால் பார்ப்போம். கிழக்கே, பழைய மானிய நிலங்களில், மேலே விளையும் பருத்தியும் கீழே உறங்கும் எண்ணெயும் ஒரே ஆளுக்குச் சொந்தம்.

சொந்தம் என்றால் விற்கலாம், கூறுபோட்டும் விற்கலாம். மேற்பரப்பைத் தான் வைத்துக்கொண்டு கனிமத்தை மட்டும் ஒருவருக்குக் கிரயம் செய்து கொடுக்கலாம். மாறாக, நிலத்தை விற்றுவிட்டுக் கனிமத்தைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளலாம். மண்ணை விட்டு வெளியே வராத எண்ணெயும் சொத்துதான், அதற்கு வரி போடலாம் என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1915-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்பா இறந்தால் நான்கு பிள்ளைகளுக்கும் நாலில் ஒரு பங்கு. அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்து பங்கு பிரிந்தால் பதினாறில் ஒன்று. இப்படித் தேய்ந்து தேய்ந்து, ஒரு நூறு ஏக்கரின் கனிமத்துக்கு ஐம்பது பேர் கையெழுத்துப் போட வேண்டிய நிலையும் வரும்.

பெரும்பாலான விவசாயிகள் கிரயம் கொடுக்கவில்லை, குத்தகைக்குத்தான் விட்டார்கள். அந்தக் குத்தகைப் பத்திரத்தின் அன்றைய ஏற்பாடு இதுதான். கையெழுத்திடும்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு முன்தொகை. அதற்கு அங்கே போனஸ் என்று பெயர். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் துளையிட வேண்டும். துளையிடாமல் தள்ளிப்போட்டால் ஆண்டுதோறும் ஏக்கருக்கு ஒரு சிறு வாடகை. எண்ணெய் கிடைத்தால் எட்டில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு ராயல்டி. செலவில் அவருக்குப் பங்கில்லை. மீதி ஏழு பங்கு, செலவு மொத்தத்தையும் ஏற்கும் குத்தகைக்காரருக்கு. அந்த ராயல்டியையும் தனியாகப் பிய்த்து விற்கலாம். எட்டில் ஒன்றில் பாதியை, கால்வாசியை, முப்பத்திரண்டில் ஒரு பங்கை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் அது என்றென்றைக்கும் போனதுதான்.

இதற்கு விலை வைப்பது எப்படி? கண்ணால் பார்க்க முடியாத பொருள். இருக்கிறதா என்பதே சந்தேகம். இருந்தால் எவ்வளவு, எத்தனை ஆண்டுகளில் வெளியே வரும், வரும் நாளில் பீப்பாய் என்ன விலைக்குப் போகும் என்பவை அதற்கடுத்த சந்தேகங்கள். விற்கிறவருக்கு உண்மையிலேயே விற்கும் உரிமை உண்டா என்று கவுன்டி நீதிமன்றக் கட்டடத்தின் பத்திரப் பதிவேடுகளில் வில்லங்கம் பார்த்தாக வேண்டும். இத்தனையும் தெரியாத நிலையில், விலையைத் தீர்மானிப்பவை என் பார்வையில் இரண்டுதான்: பக்கத்துக் கிணற்றைப் பற்றி யாருக்கு முதலில் தெரிந்தது, யாரால் காத்திருக்க முடிந்தது. கிழக்கு டெக்சாஸின் கதை முழுக்க இந்த இரண்டின் கதை.

கொலம்பஸ் மேரியன் ஜாய்னர் 1860-ல் அலபாமாவில் பிறந்தவர். வக்கீல் தொழில் பார்த்தவர், டென்னசி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். ஓக்லஹோமாவில் நிலத்திலும் எண்ணெயிலும் சம்பாதித்து, இழந்து, அறுபது வயதைத் தாண்டிய பிறகு கிழக்கு டெக்சாஸின் ரஸ்க் கவுன்டிக்கு வந்து குத்தகை பிடிக்கத் தொடங்கினார். ஊரே அவரை ‘டாட்’ ஜாய்னர் என்று அழைத்தது. பெரிய நிறுவனங்களின் நிலவியலாளர்கள் அந்தப் பகுதியை ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தார்கள். எண்ணெய் தேங்குவதற்கு அவர்கள் தேடிய மேடும் வளைவும் பூமிக்கடியில் அங்கே தென்படவில்லை. அதனால் குத்தகை மலிவு. டெய்சி பிராட்ஃபோர்ட் என்ற விதவையின் 975 ஏக்கர் பண்ணையும் அதைச் சுற்றிய நிலங்களுமாகச் சில ஆயிரம் ஏக்கர் ஜாய்னரின் கைக்கு வந்தன.

அவருடைய நிலவியலாளர் ஏ. டி. லாய்ட். அவரது உண்மைப் பெயர் வேறு. ஊர் ஊராக வேடிக்கை காட்டி மருந்து விற்று வயிறு வளர்த்தவர். பட்டம் எதுவும் கிடையாது. ஜாய்னருக்காக அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் இருந்த நில வளைவுகள் எல்லாம் கற்பனை. ஆனால் வுட்பைன் மணற்படிவம் 3,500 அடியில் வரும் என்று எழுதியது மட்டும் அப்படியே பலித்தது. படித்தவர்கள் ஒதுக்கிய இடத்தைப் படிக்காதவர் சுட்டிக்காட்டினார் என்று இதை வீரக்கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த அறிக்கையை நம்பிப் பணம் போட்டவர்களுக்கு அது பொய்யான ஆவணம்தான். பலித்ததால் அது உண்மையாகிவிடாது.

பணம் போட்டவர்கள் யார்? சிறு கடைக்காரர்கள், தபால் ஊழியர்கள், சமையல் வேலை செய்தவர்கள், கணவனை இழந்த பெண்கள். ஜாய்னர் 500 ஏக்கரை ஒரு கூட்டாக அறிவித்து, 25 டாலருக்கு ஒரு சான்றிதழ் விற்றார். சான்றிதழ் வாங்கியவருக்கு அந்த நிலத்தில் ஒரு ஏக்கருக்கான பங்கும் கிணற்றில் ஒரு சிறு பங்கும் உண்டு. பணம் தீர்ந்தது, இன்னும் விற்றார். மீண்டும் தீர்ந்தது, மீண்டும் விற்றார். கையில் இருந்த உரிமையைக் காட்டிலும் விற்ற உரிமை பல மடங்காகிவிட்டது. கூலிக்குப் பதிலாகவும் சான்றிதழ் கொடுத்தார்; ரஸ்க் கவுன்டியில் மளிகைக் கடையிலும் அந்தக் காகிதங்கள் கைமாறின. கிணறு வற்றியிருந்தால் யாரும் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள். எண்ணெய் வந்ததுதான் அவருக்கு ஆபத்தாயிற்று.

முதல் கிணறு ஆயிரத்துச் சொச்சம் அடியில் குழாய் சிக்கிக் கைவிடப்பட்டது. இரண்டாவதும் 2,500 அடியைத் தாண்டிய நிலையில் நின்றுபோனது. மூன்றாவதற்காகத் துளைக்கும் கோபுரத்தை இழுத்துச் சென்றபோது அடிச்சட்டம் உடைந்தது. சரிசெய்யக் காசில்லை, உடைந்த இடத்திலேயே துளைப்பது என்று முடிவாயிற்று. 1929 மே மாதம் தொடங்கிய வேலை பதினாறு மாதம் இழுத்தது. கொதிகலனுக்கு நல்ல விறகுகூட இல்லை. எட் லாஸ்டர் என்ற துளைப்பாளர், ஓட்டை உடைசல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு, சம்பளம் ஒழுங்காக வராமலே அந்தக் கிணற்றை இறக்கினார். வரலாறு ஜாய்னரின் பெயரைப் பெரிதாக எழுதியது. லாஸ்டருடைய பெயருக்கும் அதே அளவு இடம் தந்திருக்க வேண்டும். 1930 அக்டோபர் தொடக்கத்தில், ஆயிரக்கணக்கானோர் கூடி நிற்க, டெய்சி பிராட்ஃபோர்ட் 3-ம் எண் கிணறு எண்ணெயைக் கக்கியது.

கக்கியது என்றாலும் தொடர்ந்து ஓடவில்லை. விட்டு விட்டு வந்தது. நாளொன்றுக்கு 300 பீப்பாயை ஒட்டித்தான் தேறியது. பெரிய நிறுவனங்கள் உதட்டைப் பிதுக்கின. சிறிய ஊற்று, சீக்கிரம் வற்றும் என்று கணித்தன. இதற்கிடையே சான்றிதழ்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். சொத்தை நீதிமன்ற நிர்வாகியிடம் ஒப்படைக்கக் கோரி வழக்கு வந்தது. அதை விசாரித்த உள்ளூர் நீதிபதி, மூன்றரை வருடம் பாடுபட்டுப் பெற்ற குழந்தையைச் சிறிது காலமாவது ஜாய்னரே தாலாட்டட்டும் என்ற பொருள்படச் சொல்லி வழக்கைத் தள்ளிவைத்தார். ஊர் மக்கள் ஜாய்னர் பக்கம் இருந்தார்கள். பெரிய நிறுவனங்கள் ஏறெடுத்துப் பார்க்காத தங்கள் மண்ணை அவர் ஒருவர்தான் நம்பினார் என்ற நன்றி அவர்களுக்கு. ஆனால் நன்றி வழக்கை நிறுத்தாது. அவர் பெயரில் இருந்த உரிமை மீது அத்தனை வில்லங்கம் ஏறியிருந்ததால் எந்தப் பெரிய நிறுவனமும் அதைத் தொடத் துணியவில்லை.

துணிந்தவர் ஹெச். எல். ஹண்ட். இல்லினாயில் பிறந்து, சீட்டாட்டத்தில் கை தேர்ந்து, ஆர்கன்சாவின் எல் டொராடோ எண்ணெய் வயலில் தொழில் கற்றவர். அப்போது வயது 41. கிணற்றுச் சோதனையின்போது நேரில் இருந்து பார்த்தவர். அவர் கண்டுகொண்டது இதுதான்: கிணறு சிறியது என்பதால் வயலும் சிறியது என்று பொருளில்லை, கிணறு ஒரு பெரிய வயலின் கிழக்கு விளிம்பில் இருக்கலாம். அப்படியானால் செல்வம் மேற்கே இருக்கிறது. ஜாய்னரின் குத்தகைகள் மேற்கிலும் விரிந்திருந்தன.

அப்போது மேற்கே ஒரு மைல் தள்ளி டீப் ராக் என்ற நிறுவனம் ஒரு கிணறு இறக்கிக்கொண்டிருந்தது. அது எண்ணெய் மணலைத் தொட்டால் ஹண்டின் ஊகம் நிரூபணமாகும், விலையும் ஏறிவிடும். ஹண்ட் தன் ஆட்களை அந்தக் கிணற்றருகே நிறுத்தினார். டல்லஸ் நகரின் பேக்கர் ஹோட்டலில் ஜாய்னரோடு பேரத்தைத் தொடங்கினார். பேச்சு நீண்டுகொண்டே போனது. நவம்பர் 26 இரவு, டீப் ராக் கிணற்றின் மாதிரி மண்ணில் எண்ணெய் ஊறிய மணல் வந்திருக்கிறது என்ற செய்தி ஹண்டுக்குக் கிடைத்தது. நள்ளிரவை ஒட்டிப் பத்திரத்தில் கையெழுத்தானது.

மொத்த விலை 13,35,000 டாலர். தலைப்புச் செய்திக்கு ஏற்ற தொகைதான். ஆனால் அதைப் பிரித்துப் பாருங்கள். ரொக்கம் 30,000. பின்னால் தருவதாக எழுதிய சீட்டுகள் 45,000. மீதி 12,60,000 டாலரும் அதே நிலத்திலிருந்து எண்ணெய் வர வர, அதில் ஒரு பகுதியாகக் கொடுக்கப்படும். எண்ணெய் வராவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ரொக்கம் 30,000-ம்கூட ஹண்டின் பணமல்ல; எல் டொராடோவில் துணிக்கடை வைத்திருந்த பி. ஜி. லேக் என்ற நண்பர் ஐந்தில் ஒரு பங்குக்காகப் போட்டது. கைமாறிய குத்தகை ஏறத்தாழ 5,000 ஏக்கர். மொத்த விலையை வைத்துப் பார்த்தால் ஏக்கருக்கு 267 டாலர். அன்றிரவு கைமாறிய ரொக்கத்தை வைத்துப் பார்த்தால் ஏக்கருக்கு 6 டாலர்.

நிலத்தடியில் இருப்பதற்கு விலை வைக்க முடியாதபோது, அந்தப் பொருளாலேயே விலையைக் கொடுக்கும் இந்த ஏற்பாடு கூர்மையான யோசனை என்பதை மறுக்க முடியாது. வாங்குபவர் தவறாகக் கணித்தாலும் மூழ்க மாட்டார். விற்பவருக்கும் எண்ணெய் நிறைய வந்தால் சேர வேண்டியது சேரும். ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு: 12,60,000 டாலர் வந்து சேர்ந்ததும் ஜாய்னரின் பங்கு முடிந்துவிடும். ராயல்டியாக ஒரு பின்னத்தை நிறுத்திக்கொண்டிருந்தால் கிணறு ஓடும் காலமெல்லாம் வருமானம் வந்திருக்கும். எழுபது வயதில், தலைக்கு மேல் வழக்குகளோடு, அவரால் காத்திருக்க முடியவில்லை. ஹண்டால் முடிந்தது.

அந்தப் பேரம் எவ்வளவு மலிவு என்பது ஒரே மாதத்தில் தெரிந்துபோனது. டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. வடக்கே பல மைல் தள்ளி, கில்கோர் ஊருக்கு அருகே, லூ டெல்லா கிரிம் அம்மையாரின் நிலத்தில் எட் பேட்மன் இறக்கிய கிணறு பீறிட்டது. அந்த அம்மையார் தேவாலயத்தில் இருந்தபோது செய்தி வந்தது. நாளுக்கு 22,000 பீப்பாய்! பேட்மன் தன் குத்தகையை, ஏறத்தாழ 1,500 ஏக்கரை, ஹம்பிள் நிறுவனத்துக்கு 21 லட்சம் டாலருக்கு விற்றார். ஏக்கருக்கு 1,400 டாலர். அதிலும் பெரும்பகுதி ரொக்கமாக. பேட்மனின் உரிமையில் வில்லங்கம் இல்லை, அவருடைய கிணறு சந்தேகத்துக்கு இடம் வைக்கவும் இல்லை. இரண்டு கிரயங்களுக்கும் நடுவே மண் மாறவில்லை. மண்ணைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது மாறியது.

1931 ஜனவரி இறுதியில் லாங்வியூ அருகே மூன்றாவது பெருங்கிணறு வந்தது. ஜாய்னரின் கிணற்றிலிருந்து அது 25 மைல் வடக்கே. மூன்றும் மூன்று தனி வயல்கள் என்றே முதலில் எண்ணினார்கள். இடையில் இறக்கிய கிணறுகளிலும் எண்ணெய் வர வரத்தான் உண்மை புரிந்தது: எல்லாம் ஒரே வயல். நீளம் 45 மைல், பரப்பு 1,40,000 ஏக்கர். மேற்கிலிருந்து சாய்வாக ஏறி வரும் வுட்பைன் மணற்படிவம் சபீன் மேட்டின் மேல் மெலிந்து மெலிந்து மறைந்துவிடுகிறது. மணல் முடியும் விளிம்பில், மேலே ஆஸ்டின் சுண்ணப்பாறை மூடியிருக்க, எண்ணெய் அடைபட்டுக் கிடந்தது. மேடும் வளைவும் தேடியவர்கள் இந்த விளிம்பைத் தேடவில்லை.

அந்த வயல் இதுவரை 500 கோடி பீப்பாய்க்கு மேல் தந்திருக்கிறது. சராசரியாக ஏக்கருக்கு 35,000 பீப்பாய்க்குக் குறையாது. எட்டில் ஒன்று என்றால் நிலத்துக்காரரின் பங்கு ஏக்கருக்கு 4,300 பீப்பாய்க்கு மேல். பீப்பாய் ஒரு டாலர் என்று வைத்தாலும் ஏக்கருக்கு நாலாயிரம் டாலருக்கு மேல். இந்தக் கணக்கை 1931-ல் யாராலும் போட்டிருக்க முடியாது என்பது உண்மை. போட்டிருந்தாலும் அந்தப் பணம் பல பத்தாண்டுகளில் சிறுகச் சிறுக வருவது. ஆனாலும், இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அன்றைய சிறு விவசாயிகள் விற்ற விலைகளை நாம் படிக்க வேண்டும்.

அவர்கள் ஏன் விற்றார்கள்? 1929-ல் பவுண்டுக்கு 16 சென்ட்டுக்கு மேல் விற்ற பருத்தி 1931-ல் 6 சென்ட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. 1930-ல் கடும் வறட்சி. வங்கிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. நிலத்தின் மீது அடமானக் கடன். அந்த நேரத்தில் தரகர் ஒருவர் காருக்குள்ளிருந்து ரொக்கத்தோடு இறங்கி, உங்கள் ராயல்டியில் பாதியை எழுதிக் கொடுங்கள் என்றால், பக்கத்துக் கிணறு என்ன ஆகிறது பார்ப்போம் என்று சொல்லும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்? பக்கத்துக் கிணற்றின் நிலவரம் தரகருக்குத் தெரிந்திருக்கும். அவரை அனுப்பியவர்கள் கிணற்றடியில் ஆள் வைத்திருந்தார்கள். விவசாயிக்கோ அது செய்தித்தாளில் வரும்போதுதான் தெரியும்.

கறுப்பின விவசாயிகளின் நிலை இன்னும் கடினம். அடிமை முறை ஒழிந்த பின் அந்தக் கவுன்டிகளில் அவர்கள் வயிற்றைக் கட்டிச் சிறுகச் சிறுக நிலம் வாங்கியிருந்தார்கள். பல குடும்பங்களில் உயில் கிடையாது. பாகம் பிரிக்காமல் பாட்டன் பெயரிலேயே நிலம் கிடந்தது. வேறு நகரத்துக்குப் பிழைக்கப் போன ஒரு பேரனின் பங்கை வாங்கிவிட்டால், அதை வைத்து முழு நிலத்தையும் பிரிவினை வழக்குக்குள் இழுக்கலாம். இன ஒதுக்கல் கோலோச்சிய அந்த நாளில், பதிவு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வெள்ளையர்கள். அப்படியும் தங்கள் உரிமையை விடாமல் காத்து, எண்ணெய்ப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த கறுப்பினக் குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்களைப் பற்றி எழுதப்பட்டிருப்பது மிகக் குறைவு என்பது இந்த வயலின் வரலாற்றில் என்னை உறுத்தும் குறை.

காத்திருக்க நினைத்தவர்களையும் காத்திருக்க விடாத ஒரு சட்டம் வேறு இருந்தது. எண்ணெயும் எரிவாயுவும் காட்டு விலங்குகளைப் போல, வேலி தாண்டி ஓடுபவை. பிடித்தவருக்கே சொந்தம் என்று பென்சில்வேனியா நீதிமன்றம் 1889-ல் கூறியது. டெக்சாஸும் அந்த வழியில்தான் போனது. உங்கள் நிலத்தடி எண்ணெய் உங்களுடையதுதான்; ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் துளையிட்டு அதை இழுத்துக்கொண்டால் நீங்கள் கேட்க முடியாது. நீங்களும் துளையிட்டு இழுக்கலாம், அவ்வளவுதான். ஆகவே சும்மா கிடக்கும் கனிம உரிமைக்கு ஒவ்வொரு நாளும் மதிப்புக் குறைந்துகொண்டே போனது. கில்கோர் நகரில் இந்தச் சட்டத்தின் முழு உருவத்தையும் பார்க்கலாம். வீட்டு மனைகளிலும் கடைத்தெருவிலும் கோபுரங்கள் எழுந்தன. ஒரு வங்கியின் தளத்தையே உடைத்துக் கிணறு இறக்கினார்கள். ஒரு ஏக்கரைச் சற்றே மிஞ்சிய ஓரிடத்தில் 24 கிணறுகள், பல உரிமையாளர்கள். ‘உலகின் பணக்கார ஏக்கர்’ என்று அதற்குப் பெயர் வந்தது. 25 லட்சம் பீப்பாய்க்கு மேல் கொடுத்தது என்பது உண்மை. ஆனால் ஓரிரு கிணறுகள் போதுமான இடத்தில் இருபத்து நான்குக்குச் செலவு செய்ததும் உண்மை.

1931 கோடையில் வயல் நாளுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் பீப்பாயைக் கொட்டியது. ஓராண்டுக்கு முன் ஒரு டாலரை ஒட்டி இருந்த பீப்பாய் விலை 10 சென்ட்டுக்குச் சரிந்தது. ஏக்கருக்கு நாலாயிரம் டாலர் என்று நாம் போட்ட கணக்கு அந்த விலையில் நானூறு டாலராகிவிடும். மலை போல எண்ணெய் இருந்தும் உரிமைக்கு மதிப்பில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருந்தது. இந்த வயலில் எண்ணெயை மேலே தள்ளுவது மேற்கிலிருந்து அழுத்தும் நீர். அவசரமாக உறிஞ்சினால் அழுத்தம் விழும். நீர் முந்திக்கொண்டு நுழையும். எண்ணெயின் பெரும்பகுதி மணலிலேயே சிறைப்பட்டுவிடும்.

உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் டெக்சாஸ் ரயில்ரோடு ஆணையத்திடம் இருந்தது. பெயர் ரயில்வே, வேலை எண்ணெய். அதன் ஆணையை யாரும் மதிக்கவில்லை. ஆகஸ்ட் 17 அன்று ஆளுநர் ராஸ் ஸ்டெர்லிங் ராணுவச் சட்டத்தை அறிவித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட தேசியக் காவல் படையினரை அனுப்பிக் கிணறுகளை மூடினார். ஸ்டெர்லிங் ஹம்பிள் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். படையை நடத்திய ஜெனரல் ஜேக்கப் வோல்டர்ஸ் டெக்சாகோவின் வழக்கறிஞர். கிணற்றை மூடியது வயலைக் காக்கத்தான் என்று அரசு சொன்னதைச் சிறு உரிமையாளர்கள் நம்ப மறுத்ததற்கு இதற்கு மேல் காரணம் வேண்டுமா? நிலவியல்படி அரசு செய்தது சரி. செய்தவர்கள் யார் என்பதுதான் அதன் நேர்மையைக் குலைத்தது. ஆளுநருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1932-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கூறியது.

கட்டுப்பாடு வந்த பிறகு கனிம உரிமையின் மதிப்பு வேறு கணக்குக்கு மாறியது. கீழே எவ்வளவு எண்ணெய் என்பதைவிட, அந்த நிலத்தில் எத்தனை கிணற்றுக்கு அனுமதி, ஒரு கிணற்றுக்கு நாளுக்கு எத்தனை பீப்பாய் ஒதுக்கீடு என்பதே முக்கியமாயிற்று. கிணற்றுக்கு இவ்வளவு என்று ஒதுக்கினால் ஒரு சிறு மனைக்காரரும் ஒரு கிணறு போட்டு முழுப் பங்கைக் கேட்பார். சட்டவிரோதமாக இரவில் லாரி லாரியாகக் கடத்திய ‘சூட்டு எண்ணெய்’ சந்தையை மேலும் சில ஆண்டுகள் குலைத்தது. 1935-ன் கானலி சட்டம் அதை மாநில எல்லை தாண்டி விற்பதைத் தடுத்த பிறகுதான் விலை நிலைகொண்டது. அதற்குப் பின்னும் திருட்டு முற்றாக நிற்கவில்லை. தன் நிலத்தில் தொடங்கிப் பக்கத்து நிலத்துக்கடியில் சாய்த்துத் துளைத்த கிணறுகள் நூற்றுக்கணக்கில் 1962-ல் பிடிபட்டன.

வில்லங்கத்துக்கு வருவோம். எண்ணெய் வந்ததும் பழைய பத்திரங்கள் எல்லாம் தூசி தட்டப்பட்டன. நூறாண்டுக்கு முன் குதிரை மேல் போய்ச் சங்கிலி போட்டு அளந்த நிலங்கள் அவை. ஓர் அளவை முடியும் இடத்துக்கும் அடுத்தது தொடங்கும் இடத்துக்கும் இடையே ஒல்லியான இடைவெளிகள் இருந்தன. அவை யாருக்கும் வழங்கப்படாத அரசு நிலம் என்று கண்டுபிடித்து உரிமை கோருவதையே சிலர் தொழிலாக்கிக்கொண்டார்கள். சில அடி அகலம் போதும், ஒரு கிணறு இறக்கிவிடலாம். பருத்தி போடும்போது வரப்பு எங்கே என்று கவலைப்படாத அண்டை வீட்டார், அங்குலக் கணக்கில் வழக்காடினார்கள்.

ஜாய்னரிடமிருந்து ஹண்ட் வாங்கியதில் பாதிக்கு மேல் வழக்கும் சேர்ந்தே வந்தது என்று சொல்லலாம். நூற்றுக்கணக்கான வழக்குகள். சிலவற்றைப் பணம் கொடுத்து முடித்தார். சிலவற்றைப் பல ஆண்டுகள் நடத்தினார். 25 டாலர் சான்றிதழை வைத்துக்கொண்டு, வக்கீல் வைக்க வசதியில்லாமல், கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கியவர்களே அதிகம். 1932-ல் ஜாய்னரே ஹண்ட் மீது வழக்குப் போட்டார். டீப் ராக் கிணற்றின் நிலவரத்தை மறைத்துத் தன்னை ஏமாற்றிவிட்டார் என்பது புகார். சில வாரங்களில் அவராகவே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அண்டை நிலத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை விற்பவரிடம் வாங்குபவர் சொல்லியாக வேண்டுமா என்ற கேள்விக்கு அந்த வழக்கில் தீர்ப்பு வராமலே போனது. எண்ணெய் ஊர்களில் இன்றும் தரகர்கள் அந்தத் தெளிவின்மையில்தான் தொழில் நடத்துகிறார்கள். அஞ்சலில் வரும் ஒரு காசோலையை வங்கியில் போட்டதாலேயே உரிமையை விற்றுவிட்டோம் என்று பிறகு அறிந்துகொள்ளும் முதியவர்களின் கதைகளைக் கேட்கும்போது, அந்த வழக்கு கடைசிவரை நடந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹண்ட் அந்த வயலில் நூற்றுக்கணக்கான கிணறுகளுக்கு அதிபதியாகி, பின்னாளில் உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். ஜாய்னர் தனக்குக் கிடைத்ததை மேற்கு டெக்சாஸில் புதிய கிணறுகள் தேடியே கரைத்தார். 1947 மார்ச்சில், 87 வயதில், டல்லஸில் இறந்தபோது பெரிதாக எதையும் விட்டுச்செல்லவில்லை.

கிழக்கு டெக்சாஸில் ஒவ்வொருவரும் தனித்தனியாக விற்க முடிந்தது. அதுவே அவர்களுடைய பலவீனமும் ஆனது. அதே காலத்தில், வடக்கே ஓக்லஹோமாவில், நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டு, நிலத்தடியை மட்டும் பிரிக்காமல் மொத்தப் பழங்குடிக்கும் பொதுவாக நிறுத்திக்கொண்ட ஒரு சமூகம் இருந்தது. 1906 சட்டத்தின்படி ஓசேஜ் மக்கள் 2,229 பேருக்கு ஆளுக்கொரு பங்கு. குத்தகையைப் பொது ஏலத்தில் விட்டு, ராயல்டியைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பங்கை வாரிசாகப் பெற முடியும். 1925 வரை ஓசேஜ் அல்லாதவர்களும் அப்படிப் பெற முடிந்தது. அதனால் அங்கே விழுந்த கொலைகளைப் பற்றி அடுத்த இதழில்.

(தொடரும்)